கல்லும் ஏடும் திரையும்

அமரர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ‘பொன்னியின் செல்வன்’ என்னும் தம் பெருநாவலை 1950ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் தம் வார ஏட்டில் தொடங்கினார். 1954ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் முடித்தார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். மூன்றரை ஆண்டுக் காலம் தமிழ் மக்களை வாரந்தோறும் காத்திருக்க வைத்த அக்கதை திரையில் முழுமை பெற ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. இயக்குநர் மணிரத்னம் எடுத்த படத்தின் முதற்பாகம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாளும், இரண்டாம் பாகம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாளும் வெளிவந்தன.

பின்னது நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. பெருநாளுக்காக ஊரிலிருந்து வந்த உறவினர் இன்னும் திரும்பிச் செல்லாத இல்லங்களில் பிள்ளைகளின் பேச்செல்லாம் நந்தினியும் வந்தியத்தேவனுமாகவே இருந்தது. படக்கொட்டகைப் பக்கம் செல்வதில்லை என்னும் கட்டுப்பாடுடைய குடும்பங்கள் நம்மில் உண்டு. அவ்வீடுகளிலும் சில வாரங்களுக்குள் கைப்பேசி வழியே சோழ இளவரசர்கள் நுழைந்துவிட்டனர். “அத்தா, இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா?” என்று பிள்ளை கேட்கும்போது என்ன விடை சொல்வது? “கதைதான்” என்று சொல்லிவிட்டால் அது பொய்; “வரலாறுதான்” என்று சொன்னால் அது அதனினும் பெரிய பொய். கல்வெட்டுச் சொல்வது ஒன்று, கல்கி சொன்னது ஒன்று, திரை காட்டுவது ஒன்று. இம்மூன்றையும் பிரித்துக் காட்டுவது பெற்றோர் கடமையாகிறது. அதற்கு நம்மால் இயன்ற துணையே இக்கட்டுரை. மூன்றிலும் நம் முன்னோர் எங்கே நிற்கின்றனர் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கதை நடந்த இடங்கள் தஞ்சையும் பழையாறையும் கடம்பூரும் ஈழமும் ஆயினும், அது படமாக வேண்டும் என்னும் கனவு சென்னையில்தான் வளர்ந்தது. கல்கியின் எழுத்துக்குத் திரை புதிதன்று. அவருடைய ‘தியாக பூமி’ 1939இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் படமாகி, ஆங்கில அரசின் தடைக்கும் ஆளாயிற்று. ‘கள்வனின் காதலி’ 1955இலும், ‘பார்த்திபன் கனவு’ 1960இலும் வந்தன. ஆனால் ஐந்து பாகங்களாக விரிந்த ‘பொன்னியின் செல்வன்’ மட்டும் எவர் கைக்கும் அடங்கவில்லை. 1958இல் எம்.ஜி.ஆர். அதன் உரிமையைப் பெற்று, தாமே இயக்கி நடிக்கத் திட்டமிட்டார். வைஜெயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, ஜெமினி கணேசன் என்று நடிகர் பட்டியலே ஒரு சோழர் சபை போல் இருந்தது. காரைக்குடிக் கல்லூரி மேடையில் பேசிய ஒரு மாணவரின் துணிவைக் கண்டு மகிழ்ந்து, பின்னர் அவரையே சென்னைக்கு வரவழைத்துத் திரைக்கதை எழுதப் பணித்தார் எம்.ஜி.ஆர். அம்மாணவரே பிற்காலத்தில் ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ ஆகிய படங்களைத் தந்த மகேந்திரன். எம்.ஜி.ஆருக்கு விபத்தில் ஏற்பட்ட காயத்தால் தடைப்பட்ட அம்முயற்சி பின்னர் உயிர் பெறவேயில்லை. தியாகராய நகர் ஆற்காடு தெருவில் இன்று நினைவில்லமாக விளங்கும் அவரது வீட்டைக் கடந்து செல்வோரில் எத்தனை பேருக்கு, அவர் விட்டுச் சென்ற இந்தக் குறையும் நினைவுக்கு வரும்?

திரைக்கு முன்னதாக மேடை முந்திக்கொண்டது. 1999ஆம் ஆண்டு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளி அரங்கில் ‘மேஜிக் லாண்டர்ன்’ நாடகக் குழுவினர் இந்நாவலை நடித்துக் காட்டினர். நாடக வடிவம் தந்தவர் இளங்கோ குமரவேல். 2014இல் அந்நாடகம் மீண்டும் மியூசிக் அகாதெமி அரங்கில் ஏறியது. மணிரத்னம், ஜெயமோகன் ஆகியோருடன் திரைக்கதையில் பங்கு கொண்டவரும் அதே குமரவேல்தான். ஐந்து பாகங்களைச் சில மணி நேரத்துக்குள் அடக்கும் வித்தை நந்தனத்து மேடையில் பழகப்பட்டது என்று சொல்லலாம்.

நூலோ, எந்நாளும் இந்நகரை விட்டு அகன்றதில்லை. வார ஏட்டுப் பக்கங்களை மணியத்தின் ஓவியங்களோடு கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்துக்கொண்ட தலைமுறை ஒன்று இருந்தது. தியாகராய நகர் தீனதயாளு தெருவில் வானதி பதிப்பகம் அதனைப் பதிப்பித்துப் பதிப்பித்துத் தந்தது. கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமையான பிறகு பதிப்புகள் பெருகின. படம் வந்தபின் இளையோர் பலர் நூலைத் தேடி வாங்கியது மகிழ்ச்சிக்குரிய செய்தி. படத்தைப் பார்த்து நூலுக்கு வந்தவர் நூலோடு நின்றுவிடாமல் கல்லுக்கும் செல்ல வேண்டும் என்பது நம் ஆசை.

செல்ல வேண்டிய கல் வெகு தொலைவில் இல்லை. கல்கியின் கதை தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே அது இருக்கிறது.

நாவலின் முதற்காட்சியை மறந்தவர் இலர். ஆடிப் பதினெட்டு, கடல் போல் விரிந்த வீரநாராயண ஏரி, அதன் கரைமேல் குதிரையில் வரும் ஒரு வாலிபன். படம் இவ்வாறு தொடங்கவில்லை. இராஷ்டிரகூடர் மீது ஆதித்த கரிகாலன் தொடுக்கும் போருடன் தொடங்குகிறது. போர்க்களம் கண்ணுக்கு விருந்துதான். ஆயினும் ஏரிக்கரையில் தொடங்கியதில் கல்கிக்கு ஒரு நோக்கம் இருந்தது. நாட்டைக் காப்பது வாள் மட்டுமன்று, மதகும்தான் என்பதை அவர் முதற்பக்கத்திலேயே நிறுவிவிட்டார். பராந்தகனின் மகன் இராசாதித்தன் தன் படைவீரரைக் கொண்டு வெட்டுவித்ததாகக் கூறப்படும் ஏரி அது. அவன் 949இல் தக்கோலப் போரில் மாண்டான். ஏரி ஆயிரம் ஆண்டு கடந்தும் வயல்களுக்குப் பாய்கிறது. அதனையே இன்று வீராணம் என்கிறோம். 2004ஆம் ஆண்டு முதல் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியே பயணம் செய்து அந்நீர் சென்னைக்கும் வருகிறது. தியாகராய நகரில் அமர்ந்து வீரநாராயண ஏரியின் வருணனையைப் படிப்பவர், அந்நகரே 1920களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து உண்டாக்கப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்ளலாம். இருந்த ஏரியைத் தூர்த்துவிட்டுச் சோழன் வெட்டிய ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கெட்டிக்காரர்கள் நாம்.

நம் வாசகர்களுக்கு அக்கரை இன்னொரு வகையிலும் அறிமுகமானது. வீராணத்தின் கரையில்தான் லால்பேட்டை இருக்கிறது. அங்குள்ள மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரியில் ஓதித் தேர்ந்து, ‘மன்பயீ’ என்னும் பட்டத்தைத் தம் பெயருடன் சேர்த்துக்கொண்ட ஆலிம்கள் தமிழகமெங்கும் பள்ளிவாசல்களில் பணியாற்றுகின்றனர். மக்களுக்கு மார்க்கம் சொல்லித் தந்த ஆசான்களும், கல்கியின் கற்பனைக் குதிரை வீரனும் ஒரே ஏரியின் காற்றை உண்டவர்கள்!

லால்பேட்டைக்கு அருகிலேயே காட்டுமன்னார்கோயில். சோழர் காலத்தில் அது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ என்னும் மாளிகை முழுவதும் தாங்கி நிற்பது அந்த ஒரு தூணின்மேல்தான் என்று சொன்னால் மிகையாகாது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரை அது பெயர் சுட்டிச் சொல்கிறது. பட்டங்களைப் பார்த்தால், அவர்கள் அரசில் உயர் பொறுப்பில் இருந்தவர்கள் என்பது விளங்கும். பஞ்சவன் என்பது பாண்டியனுக்குரிய பெயர். கொலைக்குக் காரணம் இன்னதென்று கல் சொல்லவில்லை. பாண்டியனுக்காகப் பழி வாங்கினர் என்பது பஞ்சவன் என்னும் பட்டத்தையும், வெட்டுண்ட பாண்டியன் தலையையும் இணைத்துப் பிற்காலத்தார் செய்த ஊகம். அவ்வூகத்தை எடுத்துக்கொண்டு கல்கி ரவிதாசனை வீரபாண்டியனின் ஆபத்துதவியாக்கினார். நந்தினி என்னும் பெண்ணைப் படைத்து அச்சதியின் நடுவே நிறுத்தினார். நந்தினி எந்தக் கல்லிலும் இல்லை. ஆழ்வார்க்கடியானும் இல்லை, பூங்குழலியும் இல்லை. வந்தியத்தேவன் இருந்தான் என்பதற்கு, குந்தவையாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கும் கல்வெட்டு தஞ்சையில் உண்டு. அவன் குதிரையேறி ஓலை கொண்டு வந்ததெல்லாம் கல்கியின் கொடை.

உடையார்குடிக் கல்வெட்டு ஓர் அரசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது. அவ்வரசன் இராசராசனே என்று பெரும்பாலோர் கொள்வர். அப்படியாயின், கொலை நிகழ்ந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரே அந்த ஆணை பிறந்தது. இடைப்பட்ட காலத்தில் அரியணையில் இருந்தவன் உத்தம சோழன். ஆகவே அவனுக்கும் அக்கொலையில் பங்கிருக்கலாம் என்று பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். கல்கி தம் நாவலுக்கு ஆதாரமாகப் பெரிதும் நம்பியது இவ்விருவர் நூல்களையுமே. சாஸ்திரியாரின் ஐயத்தை ஏற்றிருந்தால் அவருக்கு ஓர் எளிய வில்லன் கிடைத்திருப்பான். அவர் அவ்வழியே செல்லவில்லை.

அக்கல்வெட்டில் நம் மனத்தை உறுத்தும் இன்னொரு செய்தி உண்டு. கதையிலோ படத்திலோ அதற்கு இடமில்லை. ஆணை கொலையாளிகளுடன் நின்றுவிடவில்லை. அவர்களுடைய தம்பிமார், மக்கள், தாய்வழி தந்தைவழி உறவினர், பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் என்று நெடுகச் சொல்லி, அத்தனை பேருடைய உடைமைகளையும் பறிமுதல் செய்யுமாறு ஊர்ச்சபைக்கு உரைக்கிறது. குற்றம் மூவருடையது, வீடிழந்தவர் எத்தனை பேரோ! ஒருவன் செய்த பிழைக்கு அவன் உற்றார் உறவினரெல்லாம் பதில் சொல்ல நேர்வது எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இராசராசனின் பெருமையைப் பேசுகின்றவர்கள் இக்கல்லையும் ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

இனி, கரிகாலன் மரணத்தை மூவரும் எவ்வாறு சொல்கின்றனர் என்று பார்ப்போம். கல் பெயர்களைச் சொல்லிவிட்டது. கல்கியோ, கடம்பூர் மாளிகையில் விளக்கை அணைத்துவிட்டார். இருளில் யார் கை செய்தது என்பதை நாவல் கடைசிவரை உறுதியாகச் சொல்லவில்லை. கொன்றவர் தாமே என்று முன்வருவோர் ஒருவருக்கு மேற்பட்டவர். வரலாற்றில் தெளிவில்லாத இடத்தில் தெளிவைப் புகுத்துவதில்லை என்னும் நேர்மை அதில் இருந்தது. திரையில், நந்தினியின் கையிலிருக்கும் கத்தியைக் கரிகாலனே தன் உடலிற் பாய்ச்சிக்கொள்கிறான். விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் அக்காட்சியை உயர்த்தி நடித்துள்ளனர் என்பதை மறுக்க இயலாது. காதல் தோல்வியின் சோகமாக அது நிறைவு பெறுகிறது. ஆனால் அரசியற் கொலையொன்று தற்கொலையாக மாறியதும், உடையார்குடிக் கல்லுக்கு அங்கே வேலையில்லாமற் போய்விடுகிறது. துரோகிகள் என்று ஆயிரம் ஆண்டுகளாகச் சுவரில் நிற்கும் மூவரும் ஐந்தரை மணி நேரப் படத்தின் உச்சக் காட்சியில் ஏறத்தாழக் குற்றமற்றவர்களாகி விடுகின்றனர். இது நமக்கு உடன்பாடன்று.

ஆயினும் ஒருதலையாக நீதி சொல்லலாகாது. மகுடம் சூட்டும் இடத்தில் நிலைமை தலைகீழாகிறது. நாவலில் இளவரசர் அருள்மொழிவர்மர், தமக்கு வரும் மகுடத்தைப் பூக்கட்டும் இளைஞனான சேந்தன் அமுதனின் தலையில் வைக்கிறார். செம்பியன் மாதேவியார் பெற்ற உண்மைப் பிள்ளை அவனே என்று இறுதிப் பாகத்தில் வெளிப்படுகிறது. வாசகர் திகைத்து மகிழ்ந்த இடம் அது. ஆனால் முழுதும் கல்கியின் கற்பனை. திரையிலோ சேந்தன் அமுதன் சிறு பாத்திரமாகச் சுருங்கிவிட்டான். மதுராந்தகனே மதுராந்தகன், அவனுக்கே அருள்மொழி மகுடம் சூட்டுகிறான். நாவலைக் காதலித்தவர் பலர் இதற்காக வருந்தினர். கல் என்ன சொல்கிறது? மதுராந்தகனான உத்தம சோழன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் மகன். 985 வரை ஆண்டவன். மக்கள் வேண்டியும் அருள்மொழி, தன் சிற்றப்பனுக்கு அரசில் ஆசையுள்ள வரை தான் அதனை மனத்தாலும் விரும்பாதிருந்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. ஆக, நாவலை விட்டு விலகியதால் படம் செப்பேட்டை நெருங்கிவிட்டது. மூலத்துக்கு மாறானது என்று ஒரு படத்தைக் குறை சொல்லுமுன், எந்த மூலத்துக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மணிமேகலையைப் படத்தில் விட்டுவிட்டது மட்டும் நமக்குப் பெருங்குறை. கடம்பூர் மாளிகையில் அரசியலறியாத ஒரே உள்ளம் அவளுடையது. கொலைப் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு வந்தியத்தேவனைக் காக்க முனையும் பேதை அவள். நூலை மூடிய பின்னும் நெடுநாள் நம்முடன் வருபவள்.

முதற்பாகம் வெளிவந்த நாட்களில் ஒரு விவாதம் மூண்டது. இராசராசனை இந்து அரசனாக்குவது நம் அடையாளங்களைப் பறிப்பதாகும் என்று இயக்குநர் வெற்றிமாறன் 2022 அக்டோபரில் பேசினார். அக்காலத்தில் இந்து மதம் என்னும் பெயரே இல்லை. சைவம், வைணவம், சமணம் என்றே இருந்தன என்று கமல்ஹாசனும் சொன்னார். எதிர்ப்புரைகள் குவிந்தன. பெரிய கோயிலைக் கட்டியவன் சிவபக்தன் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அவனே தன்னைச் சிவபாதசேகரன் என்று அழைத்துக்கொண்டவன். அதே அரசன், ஸ்ரீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக எழுதிக் கொடுத்தான். டச்சுக்காரர் கொண்டு சென்றதால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற பட்டயம் அதற்குச் சான்று. கடல் கடந்து வந்த பிற சமயத்தாருக்கு ஊரெழுதிக் கொடுத்த அரசனை, இன்று எவரையும் விலக்கி வைப்பதற்குரிய அடையாளமாக்குவது அவனுக்கே செய்யும் அநீதி என்று நாம் கருதுகிறோம். நாவலில் நோயுற்ற இளவரசர் அந்த விகாரத்தில்தான் அடைக்கலம் பெறுகிறார். படத்திலும் அது இடம் பெற்றது நன்று.

நாகப்பட்டினத்துக்கு வந்த கப்பல்கள் ஸ்ரீவிசயத்திலிருந்து மட்டும் வந்தவையல்ல. இவ்விடத்தில்தான் நம் கேள்வி எழுகிறது. ‘பொன்னியின் செல்வ’னில் அராபியர் வருகின்றனர். எங்கே? ‘சுழற்காற்று’ என்னும் இரண்டாம் பாகத்தில், ஈழக் கரையோரம் மரக்கலம் உடைந்துபோன முரட்டுக் கப்பற்காரர்களாக! அவர்கள் சோழர் கப்பலொன்றைக் கைப்பற்றிச் செல்ல, அதில் வந்தியத்தேவன் அகப்பட்டுக்கொள்கிறான். கதையின் வேகத்துக்கு அது தேவைப்பட்டது. கல்கியிடம் நம்மவர்பால் பகைமை இருந்ததாக எவரும் சொல்ல முடியாது. பிரிவினைக் காலத்தின் துயரை ‘அலை ஓசை’யில் எழுதியவர் அவர். ஆனாலும், ஏறத்தாழ ஈராயிரம் பக்கத்துச் சோழ உலகில் அராபியருக்குக் கிடைத்த இடம் கரையிலன்று, கடலில். அதுவும் புயலோடு வந்து புயலோடு மறைந்துவிடும் இடம்.

வரலாறு அவர்களைக் கரையிலேயே காட்டுகிறது. சோழர் எழுச்சிக்கு முன்பே, 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு பேசப்படுகிறது. அதன் சாட்சிகளுள் சிலர் கூஃபி அரபு எழுத்தில் கையொப்பமிட்டுள்ளனர். அந்த அஞ்சுவண்ணம் நம் பழைய இலக்கியமான பல்சந்த மாலையிலும் இடம் பெறுவதை நம் வாசகர் அறிவர். திருச்சிராப்பள்ளிக் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள கற்பள்ளி, ஹிஜ்ரி 116 என்னும் ஆண்டைத் தாங்கி நிற்கிறது. சோழரின் குதிரைப்படை எங்கிருந்து வந்தது? இந்நாட்டு வெப்பத்தில் நல்ல குதிரைகள் பெருகவில்லை; கடல் வழியே வந்தவற்றை நம்பியே படை இருந்தது. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைப் பற்றிச் சோழர் கல்வெட்டுகள் பேசுகின்றன. பிற்காலப் பாண்டியருக்கு ஜமாலுத்தீன் என்பவர் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்பும் ஒப்பந்தம் செய்திருந்ததை வஸ்ஸாஃப் எழுதி வைத்தார். வந்தியத்தேவன் ஏறி வந்த குதிரைக்கும் ஒரு கடற்பயணம் இருந்திருக்கும். அதனை ஓட்டி வந்த ஒரு மனிதனும் இருந்திருப்பான்.

இதே சென்னைக் கரையிலும் அத்தகையோர் இருந்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, தோமையார் அடக்கமான ஊருக்குக் கிறித்தவரைப் போலவே முஸ்லிம்களும் வந்து மரியாதை செய்தனர் என்கிறார். அவ்வூரை மயிலாப்பூர் என்றே அறிஞர் கொள்வர். இன்று கச்சேரி வீதியில் சாந்தோம் நோக்கி நடப்பவர் சிறு தொலைவுக்குள் கபாலீசுவரர் கோயிலையும் ஜும்மா பள்ளிவாசலையும் தோமையார் ஆலயத்தையும் கடந்துவிடுகிறார்.

திரையின் கதையில் நம்மவருக்கு இடமில்லாவிடினும், திரைக்குப் பின்னே நிலைமை வேறாக இருந்தது. பொன்னி நதியின் புகழைப் பாடலாக்கி இசைத்தவர் ஏ.ஆர். ரஹ்மான், முதற்பாகத்தின் பின்னணி இசைக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. தலையிழந்த வீரபாண்டியனாக வந்தவர் நாசர். சோழ மகுடத்தைச் சூடிக்கொள்ளும் மதுராந்தகனாக நடித்தவர் ரகுமான்! அரண்மனைகளுக்கும் ஒரு செய்தி உண்டு. சோழர் மாளிகை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமே எஞ்சியுள்ளது. ஆதலால் படக்குழுவினர் மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சா, குவாலியர், மகேசுவர் முதலிய இடங்களுக்குச் சென்றனர். ஓர்ச்சா, அக்பர், ஜஹாங்கீர் காலத்து புந்தேல மன்னர்களின் ஊர். அங்குள்ள பெரிய மாளிகையின் பெயரே ஜஹாங்கீர் மஹால். சோழர் பெருமையைச் சொல்ல முகலாயர் காலத்துச் சுவர்களும் வளைவுகளும் துணைக்கு வர நேர்ந்திருக்கிறது. தோட்டாதரணியின் கலைத்திறன் அதனைப் பெரும்பாலும் மறைத்துவிட்டது. கட்டடக் கலை அறிந்தவர் கண் மட்டும் சில இடங்களில் நின்று விடும்.

சோழரைப் பற்றிய கடைசி நாவல் எழுதப்பட்டுவிடவில்லை. கடைசிப் படமும் எடுக்கப்பட்டுவிடவில்லை. இனி எழுதப் போகிறவருக்கு, சிறப்பாக நம் இளைஞருள் எழுத முனைவோருக்கு, தஞ்சைக் கல்வெட்டுகளிலிருந்து இரண்டு சொற்களை எடுத்துத் தருகிறோம். பெரிய கோயிலுக்கு அளித்த அணிகலன்களின் பட்டியலில் ‘சோனகச் சிடுக்கு’ என்னும் ஒருவகை நகை வேலைப்பாடு வருகிறது. இன்னொன்று ஒரு மனிதரின் பெயர்: சோனகன் சாவூர். சோனகர் என்னும் சொல் யவனர் என்பதன் வழிவந்து, மேற்கேயிருந்து வந்தோரைக் குறித்துப் பின்னர் முஸ்லிம்களுக்கே உரியதாயிற்று. ஆதலால் சாவூரின் மார்க்கம் இன்னதென்று பெயரைக் கொண்டே அறுதியிட்டுவிட முடியாது. சோழ அரசனின் கல்லில் பெயர் பொறிக்கப்படும் அளவுக்கு அவர் இந்நாட்டவராக இருந்தார் என்பது மட்டும் திண்ணம். எந்தத் துறையில் இறங்கினார், எந்தத் தெருவில் குடியிருந்தார், தமிழை எந்த ஒலியில் பேசினார், பெரிய கோயில் எழும்புவதை நாள்தோறும் எவ்வாறு பார்த்து நின்றார் என்பவற்றைக் கல் சொல்லவில்லை. அவையெல்லாம் எழுதப் போகிறவருடைய வேலை.